கைக்கெட்டும் உயரம்

குழந்தைகள் காப்பகத்துக்குச் சாமான் வாங்கக் கடைக்குப் போகுமுன், அந்த அறையின் தரையில் கொஞ்ச நேரம் மல்லாந்து படுத்துப் பார்க்க வேண்டும். மின்விசிறி, ஜன்னல் கம்பி, பெரியவர்களின் கால்கள். ஆறு மாதக் குழந்தையின் உலகம் அவ்வளவுதான். சுவரில் நாம் ஆசையாக எழுதிய அ, ஆ எல்லாம் அதன் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன.

*

எம்மி பிக்லர் குழந்தை மருத்துவர். 1946-இல் புடாபெஸ்ட்டின் லோட்சி தெருவில் கைக்குழந்தைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். அங்கே குழந்தைக்கு முதன்முதலில் தந்த விளையாட்டுப் பொருள் ஒரு சதுரப் பருத்தித் துணி. நடுவில் பிடித்துக் கூம்பு மாதிரி நிற்க வைத்து, பக்கத்தில் விட்டுவிடுவார்கள். குழந்தை தலையைத் திருப்பும். கை தற்செயலாகப் படும், கூம்பு சரியும். இழுக்கும், கசக்கும், வாயில் வைக்கும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அதோடு இருக்கும். பேட்டரிப் பொம்மை தானே ஆடிப் பாடி முடித்துவிடுகிறது. பிள்ளைக்கு அதில் செய்ய ஒன்றுமில்லை.

*

எலினோர் கோல்ட்ஷ்மீட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, உட்காரப் பழகிய குழந்தைகளின் முன் ஒரு தாழ்வான கூடையை வைத்தார். உள்ளே வீட்டுச் சாமான்கள். பிளாஸ்டிக் மட்டும் கிடையாது. நம் சமையலறையிலேயே அந்தக் கூடை நிறைந்துவிடும்: மரக்கரண்டி, வழவழவென்று தேய்த்த கொட்டாங்கச்சி, விதை நீக்கிய பீர்க்கங்கூடு, எவர்சில்வர் டம்ளர், மத்து.

டம்ளரைக் கையில் எடுத்த எட்டு மாதப் பிள்ளையைக் கவனியுங்கள். நாக்கை வைக்கும்; ஜில்லென்றதும் நிறுத்தும்; மறுபடி வைக்கும். கொட்டாங்கச்சியில் ஒரு தட்டு. சத்தம் வந்ததும் நிமிர்ந்து ஆயாம்மாவின் முகத்தைப் பார்க்கும். ஆயாம்மா அங்கேயே இருக்கிறார் என்று தெரிந்ததும் திரும்பத் தன் வேலைக்குப் போய்விடும். அந்த முகம் இல்லாவிட்டால் கூடையால் பயனில்லை. சாமானுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், ஆயாம்மாவுக்கு உட்கார நேரம் ஒதுக்குவதில்லை.

வாயில் வைத்தவற்றைத் தனி வாளியில் போட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைக்க வேண்டும். கழுவ முடியாத சாமானை வாங்கவே வேண்டாம்.

*

அளவில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். பொம்மைச் சோதனைக்கென ஓர் உருளை உண்டு. அதன் குறுக்களவு 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு வரக்கூடாது. பல்லாங்குழிச் சோழியும் புளியங்கொட்டையும் அடங்கும். பட்டன் பேட்டரியும் அடங்கும். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டே மணி நேரத்தில் அது அந்த இடத்தை அரித்துவிடக்கூடும்.

அளவில் பெரிதானாலும் ஆபத்தானவை உண்டு. உட்கார வைத்து உருட்டும் வாக்கரைக் கனடா 2004-இல் தடை செய்தது. நம் நடைவண்டி வேறு. தானாக எழுந்து நின்ற பிள்ளை தள்ளுவது அது.

*

இரண்டு வயதில் அடுத்த பிள்ளையின் கையில் இருப்பதுதான் வேண்டும். "விட்டுக்கொடு தங்கம்" என்று எவ்வளவு கெஞ்சினாலும் அந்த வயதுக்கு அது வராது. விதவிதமாக மூன்று வாங்குவதைவிட ஒரே மாதிரி மூன்று வாங்கினால் கடியும் கிள்ளலும் குறையும்.

*

1975-இல் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியபோது முன்பருவக் கல்வி மூன்று வயதிலிருந்துதான் என்று வகுத்தார்கள். அதற்குக் கீழே உள்ளவர்களுக்குச் சத்துணவு, எடை பார்த்தல், தடுப்பூசி. அவசியமானவைதான். ஆனால் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பால்வாடிக்கு வந்துவிடும் ஒன்றரை வயதுக்கு, பெரிய பிள்ளைகளின் சாமானில் மிஞ்சியதுதான் கிடைக்கிறது. பல இடங்களில் அதுவும் உடைந்துவிடும் என்று பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. பார்வையிட யாராவது வரும் அன்றுதான் வெளியே வரும்.

பிள்ளையின் பிறந்தநாளுக்குக் காப்பகத்துக்கு ஏதாவது தர நினைக்கிறவர்களுக்கு: கடைக்குப் போகுமுன் ஆயாம்மாவிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். கதவில்லாத, முழங்கால் உயர மர அலமாரி ஒன்றைச் செய்து கொடுங்கள். உடைந்தால் மாற்றித் தருகிறோம் என்று டீச்சரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள்.