திரையாகும் இசை

எனது பழைய மாணவர் ஒருவர் அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தார். நிக்காஹ் முடிந்து சில மாதங்கள்தான். வயல், மழை என்று கொஞ்ச நேரம் பேசிவிட்டுத் தயங்கித் தயங்கி ஒரு விடயத்தைக் கேட்டார். இஷாவுக்குப் பிறகு அவரும் மனைவியும் கைத்தொலைபேசியில் மெல்லிய மின்னணு இசை கேட்பார்களாம். பாட்டென்று ஏதுமில்லை, தாழ்ந்த தாளம், நீண்ட சுரங்கள், இடையிடையே ஒரு பெண்குரலின் பெருமூச்சு. அது இருவரின் மனதையும் இளக்கி நெருக்கமாக்குகிறதாம்.

“காக்கா இது ஷைத்தான்ட வேலை எண்டு சொல்றார். நீங்க என்ன சொல்றீங்க சேர்?”

நான் முப்தி அல்லன். பத்வா வழங்க எனக்கு உரிமையில்லை. ஆனாலும் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

அந்த இசையின் பூர்வீகத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘டவுன்டெம்போ’ என்பார்கள். நடன இசையின் வேகத்தைக் குறைத்து இதயத் துடிப்புக்கு அருகே கொண்டுவந்த இசை. ஸ்பெயினின் இபிசா தீவில் ‘கஃபே டெல் மார்’ என்ற மதுபானசாலையில், சூரியன் மறையும் வேளையில் ஹோசே பதிய்யா இவ்வகை இசையை ஒலிக்கவிட்டார். 1994இல் அவர் தொகுத்த முதல் தொகுப்பு அந்தச் சாலையின் பெயரிலேயே வெளிவந்து உலகெங்கும் போனது. 1235 வரை முஸ்லிம்கள் ஆண்ட தீவு அது என்பது வேறு கதை.

மதுவோடு பிறந்த இசை ஆகுமா? இங்கேதான் இமாம் கஸ்ஸாலி நினைவுக்கு வருகிறார். 1111இல் மறைந்த அவர், இஹ்யாவில் இசை கேட்பதற்கென்றே ஒரு தனிப் பகுதியை ஒதுக்கினார். நரம்புக் கருவிகளை அவர் விலக்கியது அவை இனிமையானவை என்பதால் அல்ல, குடிகாரர் சபையின் அடையாளமாக இருந்ததால். அதே இமாம், காதல் ஏக்கத்தைக் கிளறும் பாட்டு, காதலுக்குரியவர் சொந்த மனைவியாயின் ஆகுமானது என்கிறார். மனம் அந்நியப் பெண்ணை நினைத்தால் அதே பாட்டு விலக்கப்பட்டதாகிவிடுகிறது.

ஆக, ஆசை குற்றமல்ல. கணவனும் மனைவியும் கூடுவதிலும் ஸதகாவின் நன்மை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கூறியபோது ஸஹாபாக்களே வியந்து கேட்டார்கள் அல்லவா? கருவிகளைப் பற்றிய கருத்து வேறுபாட்டை உலமாக்களிடம் விடுகிறேன். எனக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது.

1990 ஒக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் ஒரு கொட்டிலில் இருந்தோம். பக்கத்துக் குடும்பத்துக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு கிடுகுத் தட்டி. அங்கே இருமினால் இங்கே கேட்கும். வாப்பாவிடம் சிறிய ரேடியோ ஒன்று இருந்தது. பற்றரி தீர்ந்துவிடும் என்று பகலில் செய்திக்கு மட்டுமே அதைப் போடுவார். ஆனால் சில இரவுகளில், நாங்கள் உறங்கிவிட்டோம் என்றெண்ணிப் பாட்டு வைப்பார். விழித்துக் கிடக்கும் எனக்கு, பாட்டுக்கு அடியில் உம்மாவும் வாப்பாவும் குசுகுசுப்பது கேட்கும்; சொற்கள் விளங்கா. வீண்செலவு என்று மனதுக்குள் வாப்பாவைக் குறை சொல்வேன்.

எனக்குத் திருமணமான பின்தான் அது விளங்கியது. சுவரில்லாத இடத்தில் அந்தப் பாட்டுத்தான் அவர்களுக்குச் சுவர். ஊரறிய வெட்கத்தைக் கெடுப்பது என்று நாம் சொல்லும் காதல் பாட்டு, அங்கே இருவரின் வெட்கத்தைக் காத்தது.

இன்று எனக்குக் கல்வீடு இருக்கிறது; கதவும் தாழ்ப்பாளும் இருக்கின்றன. ஆயினும் பல இரவுகளில் நானும் மனைவியும் ஆளுக்கொரு கைத்தொலைபேசியோடு பேசாமல் கிடக்கிறோம். அங்கே இசையுமில்லை, ஹராமான எதுவுமில்லை. ஆனால் அதை நல்ல இரவென்று என்னால் சொல்ல முடியவில்லை.

மாணவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: “அதைப் போட்டுட்டு ரெண்டு பேரும் கதைக்கிறீங்களா தம்பி?”

சற்று யோசித்தார். “முதல்ல கதைச்சம் சேர். இப்ப அது முடியிறதுக்குள்ள நித்திரையாகிடுறம்.”

இருவர் பேச மறைவு தரும் இசை வேறு. இருவருக்கும் பதிலாகத் தானே பேசிவிடும் இசை வேறு. ஒரே இசை முதலாவதாகத் தொடங்கி இரண்டாவதாக மாறிவிடவும் கூடும். காக்காவுக்கு என்ன பதில் சொல்வதென்று மாணவர் மறுபடி கேட்கவில்லை. அவர் போன பிறகு நான் கைத்தொலைபேசியை அலமாரியில் வைத்துவிட்டு, குசினியிலிருந்த மனைவியிடம் போனேன். என்ன பேசுவதென்று உடனே எனக்குத் தெரியவில்லை.