மலிவுப் பெட்டியும் கொடுபடாத கூலியும்

1

ஒரு சரக்கு மலிவாகக் கிடைக்கிறதென்றால் எங்கேயோ ஒருத்தருடைய கூலியில் கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். செங்கல்லுக்கும் பீடிக்கும் தீப்பெட்டிக்கும் நாம் போட்டுப் பழகிய கணக்கு இது. இசைக்கும் இந்தக் கணக்கு செல்லுமா? செத்துப்போன ஒரு கறுப்பு இசைக்கலைஞனின் இசை அடிமாட்டு விலைக்கு விற்கப்படும்போது அங்கே பறிபோவது யாருடைய கூலி? அதைக் காசு கொடுத்து வாங்குகிற ஒரு ஏழை மாணவனுக்கு அந்தப் பறிப்பில் பங்கு உண்டா, இல்லையா?

கேள்வி சும்மா எழுந்ததில்லை. ஐரோப்பியச் சந்தையில் ஜாஸ் இசை இன்று அட்டைப் பெட்டிகளில் போட்டு விற்கப்படுகிறது. பெட்டிக்குள் நாலு சி.டி. அந்த நாலுக்குள் ஏழெட்டு ஆல்பங்கள். பத்து சி.டி. உள்ள பெட்டிகளும் உண்டு. புதிதாக வரும் ஒரே ஒரு ஆல்பத்துக்குக் கேட்கும் விலைதான் மொத்தப் பெட்டிக்கும். ஜான் கோல்ட்ரேன், சார்லஸ் மிங்கஸ், ஆர்னெட் கோல்மன், செசில் டெய்லர், எரிக் டால்ஃபி என்று ஜாஸின் நவீனத்தையும் அதற்குள் நடந்த கலகத்தையும் உண்டாக்கியவர்கள் எல்லாரும் இந்தப் பெட்டிகளுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். இவற்றைத் தேடித்தேடிச் சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். என்னிடமும் ஒரு வரிசை இருக்கிறது. வெளிநாடு போய்வந்த தோழர்கள் கொண்டுவந்து கொடுத்தவை.

இந்தப் பத்திரிகையில் ஜாஸுக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் உருவானபோது அந்தப் பெயரே அமெரிக்காவின் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்து வைத்துக்கொண்டதுதான். கறுப்பர்களின் கவிதையை நாம் மொழிபெயர்த்துப் படித்தோம், அவர்கள் அரசியலை விவாதித்தோம். அவர்கள் இசையைக் கேட்டவர்கள்தான் நம்மிடையே குறைவு. இசைத்தட்டு வாங்கக் கையில் காசு கிடையாது, அதுதான் காரணம். ஆகவே 'மலிவு' என்பது எனக்குக் கெட்ட வார்த்தை இல்லை.

ஆர்னெட் கோல்மனுக்கும் அது கெட்ட வார்த்தையாக இருக்கவில்லை. 1950-களில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பெரிய கடையில் லிப்ட் இயக்குகிற வேலை பார்த்தவர் அவர். பித்தளை சாக்ஸபோன் வாங்க வழியில்லாமல் 1954-இல் வெள்ளை பிளாஸ்டிக்கில் செய்த ஒரு மலிவு சாக்ஸபோனை வாங்கினார். 1959-இல் 'த ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' என்ற ஆல்பத்தில், அதாவது 'வரப்போகும் ஜாஸின் வடிவம்' என்று பெயரிட்ட ஆல்பத்தில், அவர் ஊதியது அந்த பிளாஸ்டிக்கைத்தான். உலகத்து ஜாஸைப் புரட்டிப்போட்ட சத்தம் விலை குறைந்த கருவியிலிருந்துதான் வந்தது.

2

பெட்டி எப்படி மலிவானது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். காரணம் சட்டம். ஐரோப்பிய நாடுகளில் ஒலிப்பதிவின் மீதான உரிமை 50 ஆண்டுக்குத்தான் இருந்தது. 1959-இல் வந்த ஒரு தட்டு 2009 முடிந்ததும் பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம். பதிவுசெய்த கம்பெனியிடம் அனுமதி கேட்க வேண்டாம். வாசித்தவருக்கோ அவர் பிள்ளைகளுக்கோ அந்த வாசிப்புக்காகக் காசு தர வேண்டாம். 2011-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதை 70 ஆண்டாக நீட்டியது, 2013-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் ஏற்கனவே பொதுவுக்கு வந்துவிட்டதைத் திரும்பப் பிடுங்கவில்லை. ஆக 1962 வரை வெளிவந்த தட்டுகள் பொதுவில் நிற்கின்றன. 1963-இல் வந்தவை 2033 முடியும் மட்டும் பூட்டுக்குள்.

அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே 2018-இல் வந்த சட்டப்படி 1957 முதல் 1972 பிப்ரவரி நடுவரை பதிவானவை 2067 வரை கம்பெனிகளுக்கே சொந்தம். ஒரே பெட்டி லண்டனில் நியாயமான சரக்கு, நியூயார்க்கில் களவுப் பொருள். கடலைத் தாண்டினால் தர்மம் மாறிவிடுகிறது என்றால், தர்மத்தை நாம் சட்டப் புத்தகத்தில் தேடிப் பயனில்லை.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. பதிவின் மேல் உள்ள உரிமை வேறு, மெட்டை இயற்றியவரின் உரிமை வேறு. இயற்றியவர் இறந்து 70 ஆண்டு வரைக்கும் அந்த உரிமை உயிரோடு இருக்கும். கோல்மன் செத்தது 2015-இல். அவர் மெட்டு உள்ள மலிவுப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் 2085 முடியும்வரை அந்த மெட்டுக்கான பங்கைக் கட்டியாக வேண்டும். அப்படியானால் பரவாயில்லையே என்று தோன்றும். இங்கேதான் கவனிக்க வேண்டும். 1960 டிசம்பரில் பதிவாகி அடுத்த ஆண்டு வந்த 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பத்தில் எட்டுப் பேர் இடைவெளி இல்லாமல் 37 நிமிஷம் வாசிக்கிறார்கள். முன்கூட்டி எழுதிவைத்தது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் எட்டுப் பேரும் அந்த நேரத்தில், ஒருவரை ஒருவர் கேட்டு, உண்டாக்கியது. சட்டத்தின் கண்ணுக்கு இயற்றியவர் ஒருவர்தான், கோல்மன். காதுக்கு எட்டுப் பேர் கேட்கிறார்கள், சட்டத்துக்கு ஒருத்தர் பேர்தான் தெரிகிறது. எழுத்தில் இருப்பதுதான் படைப்பு, கையாலும் மூச்சாலும் செய்வது வெறும் உழைப்பு என்கிற பார்வையை நாம் வேறெங்கும் பார்த்ததில்லையா என்ன?

3

சரி, சட்டம் கைவிடுவதற்கு முன்னால் மட்டும் வாசித்தவர்கள் வாழ்ந்தார்களா? அன்றைய ஏற்பாட்டை நம் வயல்காட்டுப் பாஷையில் சொல்லலாம். பக்கவாத்தியக்காரர் அத்தக்கூலி. ஸ்டுடியோவுக்கு வந்தார், வாசித்தார், அன்றைக்கான தொகையை வாங்கினார், போனார். தட்டு லட்சம் விற்றாலும் அவருக்கு அதற்குமேல் கிடையாது. குழுத்தலைவர் குத்தகைதாரர் மாதிரி. அவருக்கு ராயல்டி உண்டு, ஆனால் ஸ்டுடியோச் செலவு, முன்பணம் எல்லாம் கழித்த பிறகு. கம்பெனி நிலக்காரர். மெட்டின் உரிமையைக்கூடப் பல கம்பெனிகள் தங்கள் சொந்தப் பதிப்பகத்தின் பேரில் எழுதி வாங்கிக்கொண்டன. இதைப் புரிந்துகொண்டவர்கள் சும்மா இருக்கவில்லை. மிங்கஸும் மேக்ஸ் ரோச்சும் 1952-இல் 'டெபியூ' என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். ஜிஜி கிரைஸ் 1955-இல் மெட்டுகளின் உரிமையைக் காப்பாற்றவே சொந்தப் பதிப்பகம் தொடங்கினார். சிகாகோவில் 1965-இல் கறுப்புக் கலைஞர்கள் ஏ.ஏ.சி.எம். என்று சங்கமே கட்டினார்கள்.

இந்த மேக்ஸ் ரோச்சின் 'வி இன்ஸிஸ்ட்!' ஆல்பமும் பெட்டிகளில் வருகிறது. 1960-இல் வந்தது. 'நாங்கள் வலியுறுத்துகிறோம்' என்று பொருள். அந்த ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ ஊரில் நாலு கறுப்பு மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் பரிமாறும் சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்தார்கள். எழுந்திருக்க மறுத்தார்கள். இரட்டைத் தம்ளரை உடைத்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆல்பத்தின் அட்டையில் அதே காட்சி: மேசையில் மூன்று கறுப்பர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், மேசைக்குப் பின்னால் வெள்ளைப் பரிசாரகன். மலிவுப் பெட்டியின் பின்பக்கம் இந்தப் படம் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அடிமைக் காலத்தின் கங்காணியில் தொடங்கி தென் ஆப்பிரிக்கா வரை போகும் இசை அது. பாடியவர் அபி லிங்கன். டிரம்பட் வாசித்த புக்கர் லிட்டில் அடுத்த ஆண்டே செத்தார், வயசு 23. ரோச் 2007-இல் போனார், அபி லிங்கன் 2010 ஆகஸ்டில். அந்த ஆண்டு முடிந்ததும் ஐரோப்பாவில் ஆல்பம் பொதுச்சொத்து ஆனது. கொடுபடாத கூலிக்கு எதிராகக் கத்திய ஓர் இசை, வாசித்தவருக்குக் கூலி கொடுக்காமல் விற்கக்கூடிய சரக்காக மாறியது.

இதைப் பார்த்துத்தான் சிலர் பெட்டி வாங்குவதே திருட்டு என்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வாசித்தவரிடமிருந்து அது பறிக்கப்பட்டது முதல் ஒப்பந்தம் கையெழுத்தான அன்றைக்கு. 50 வருஷம் கழித்துச் சட்டம் விடுவித்தது கலைஞனின் வயலை அல்ல, கம்பெனியின் வயலை. கம்பெனி இழந்ததை ஏழைக் கலைஞன் இழந்ததாகக் காட்டுவது பழைய தந்திரம். ஐரோப்பாவில் காலத்தை 70 ஆண்டாக்கியபோதும் வயதான பக்கவாத்தியக்காரர்களின் பேரைச் சொல்லித்தான் ஆக்கினார்கள். நீட்டிய காலத்து வருமானத்தில் அந்தப் பக்கவாத்தியக்காரர்களுக்கென ஒதுக்கச் சொன்னது நூற்றுக்கு 20.

4

பெட்டிகளை ஏளனம் செய்கிற இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்கள் 'முதல் அச்சு' ரசிகர்கள். 1950-களில் புளூ நோட் கம்பெனி முதன்முதலில் அச்சடித்த தட்டுதான் தட்டு, மற்றதெல்லாம் நகல் என்பவர்கள். தட்டின் நடுக் காகிதத்தில் கம்பெனியின் எந்தத் தெரு விலாசம் அச்சாகியிருக்கிறது, ஓரத்து வழவழப்பில் காது மாதிரி ஒரு குறி கீறியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். கோத்திரம் விசாரிக்கிற மாதிரி இருக்கும். சாக்ஸபோன் கலைஞர் ஹேங்க் மோப்ளியின் 1950-களின் தட்டுகள் சில, முதல் அச்சாக இருந்தால் பல ஆயிரம் டாலருக்குப் போகின்றன. அந்த மோப்ளி நுரையீரல் கெட்டு, வாசிக்க முடியாமல், தங்க இடமில்லாத நாட்களையும் பார்த்து 1986-இல் செத்தார்.

அந்தப் பல ஆயிரம் டாலரில் மோப்ளியின் குடும்பத்துக்கு எவ்வளவு? ஒன்றும் இல்லை. பழைய தட்டைக் கைமாற்றி விற்றால் யாருக்கும் ராயல்டி கிடையாது. மலிவுப் பெட்டியிலாவது சட்டப்படி மெட்டுக்காரருக்கு ஒரு சல்லி போய்ச்சேர வேண்டும். ஆனால் ஏலத்தில் எடுத்தவர் ரசிகர், பெட்டி வாங்கிய மாணவன் திருடன்! இந்த ஏச்சு கலைஞனின் கூலியைப் பற்றியதாக இருந்தால் ஏலக்காரரையும் சேர்த்தல்லவா ஏச வேண்டும். ஏசுவதில்லை. அப்படியானால் ஏச்சு வேறு எதையோ பற்றியது. மேன்மக்களின் வரவேற்பறையில் இருந்த பொருள் கண்ட ஆட்களின் கைக்கெல்லாம் போய்விட்டதே என்கிற ஆத்திரம் அது. அந்த ஆத்திரத்தின் முகம் நமக்குப் புதுசில்லை.

5

அதற்காகப் பெட்டியைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். பெட்டி இரண்டு விதமாக நம்மை ஏமாற்றுகிறது.

முதலாவது, வரலாற்றை 1962-இல் வெட்டிவிடுகிறது. டால்ஃபியின் 'அவுட் டு லஞ்ச்' 1964, ஆல்பர்ட் அய்லரின் பெரும் பதிவுகள் 1964 முதல், பில் டிக்ஸன் நியூயார்க்கில் நடத்திய ஜாஸின் அக்டோபர் புரட்சி 1964. கோபம் கொதித்த வருஷங்கள் எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம். பொதுச்சொத்துப் பெட்டியை மட்டும் நம்புகிறவனுக்கு ஜாஸ் கலகம் தொடங்கிய இடத்திலேயே முடிந்துபோகிறது. வேலிக்கு அப்பாலும் மலிவுப் பெட்டிகள் இல்லாமலில்லை. அமெரிக்கப் பெரிய கம்பெனிகள் சீந்தாத கறுப்புக் கலைஞர்களை 1970-80-களில் இத்தாலியின் 'பிளாக் செயின்ட்', 'சோல் நோட்' கம்பெனிகள் பதிவுசெய்தன. டேவிட் மர்ரே, ஹென்ரி த்ரெட்கில், முஹல் ரிச்சர்ட் ஏப்ரம்ஸ் போன்றவர்கள் அங்கே வாசித்தார்கள். 2008-இல் இவற்றை வாங்கிய இன்னொரு இத்தாலியக் கம்பெனி ஆளுக்கொரு பெட்டியாக மலிவு விலையில் போட்டது. இதற்கு உரிமைக்காரர் இருக்கிறார், அவரிடம் கணக்குக் கேட்க முடியும். ஆகவே விலையை வைத்து மட்டும் நியாயத்தைத் தீர்மானிக்க முடியாது. பத்திரம் யார் கையில் என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது ஏமாற்று இன்னும் மோசம். பல பெட்டிகளில் வாசித்தவர்களின் பெயர்ப் பட்டியலே சரியாக இருக்காது. முகப்பில் தலைவர் பெயர், பின்னால் பாட்டுப் பட்டியல். டிரம்ஸ் யார், பேஸ் யார் என்று கேட்டால் பதில் கிடையாது. காசு பாக்கி, அதோடு பேரும் போச்சு. கூலியைக் கொடுக்காதவன் ஒரு தப்பைச் செய்கிறான். பேரை அழிக்கிறவன், கூலி கேட்கக்கூட ஆள் இல்லாமல் ஆக்குகிறான்.

6

ஹென்ரி கிரைம்ஸ் என்றொரு பேஸ் கலைஞர். ஆளுயரத்துக்கு நிற்கும் நரம்புக் கருவியை வாசித்தவர். சோனி ரோலின்ஸ், செசில் டெய்லர், ஆல்பர்ட் அய்லர் என்று பெரிய பெயர்களோடெல்லாம் வாசித்தார். 1960-களின் முடிவில் மேற்குக் கடற்கரைக்குப் போனவர் காணாமல் போனார். கருவியை விற்றுவிட்டார். செத்துப்போனார் என்றே ஜாஸ் உலகம் எடுத்துக்கொண்டது. முப்பது வருஷத்துக்கு மேல் லாஸ் ஏஞ்சலிஸில் துப்புரவு வேலை, கூலி வேலை, ஒற்றை அறை வாழ்க்கை. அதே வருஷங்களில் அவர் வாசித்த தட்டுகள் திரும்பத் திரும்ப மறுபதிப்பாகிக்கொண்டிருந்தன, சேகரிப்பாளர்கள் வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். 2002-இல் ஜாஸ் பிரியரான ஒரு சமூகப்பணியாளர் தேடிக் கண்டுபிடித்தபோது, தன்னோடு வாசித்த அய்லர் 1970-இலேயே செத்துவிட்டது கூட கிரைம்ஸுக்குத் தெரியாது. செய்தி கேட்டு நியூயார்க்கிலிருந்து வில்லியம் பார்க்கர் என்ற பேஸ் கலைஞர் தன் கருவிகளில் ஒன்றை அனுப்பிவைத்தார். கிரைம்ஸ் 2003-இல் மேடையேறினார். பிறகு 2020 ஏப்ரலில், 84 வயசில், கொரோனாவில் சாகும் வரை அவர் கலைஞராக வாழ்ந்தார்.

தட்டுகள் பத்திரமாக இருந்தன, ஆள்தான் தொலைந்துபோனார். அடுக்கி வைத்திருந்த எல்லாருக்கும் அவர் பேர் தெரியும். அவர் எங்கே என்று போய்த் தேடியவர் ஒருத்தர். கருவி அனுப்பியவர் இன்னொருத்தர். கடன் என்று நான் சொல்வது இதைத்தான். பெட்டி வாங்கியதால் வந்த கடன் இல்லை அது, கேட்டதால் வந்த கடன். ஐந்து பவுண்டு கொடுத்தவனுக்கும் ஐயாயிரம் டாலர் கொடுத்தவனுக்கும் அது ஒன்றுதான். கடைக்காரனிடம் தீர்க்க முடியாது. சட்டமும் தள்ளுபடி செய்ய முடியாது.

ஆகவே தோழர்களே, கிடைத்தால் பெட்டியை வாங்குங்கள், கூச்சப்பட வேண்டாம். முடிந்தால் பத்துப் பேர் கூடிக் கேளுங்கள். பிரிக்காத பெட்டியை அலமாரியில் அடுக்குவது மிராசு புத்தி. உள்ளே பெயர்கள் இல்லையென்றால் தேடிக் கண்டுபிடித்து, டிரம்ஸ்காரர் பேர் முதற்கொண்டு, அட்டையில் பேனாவால் எழுதிவையுங்கள். அவர்களில் யார் இன்னும் உயிரோடிருக்கிறார் என்று பாருங்கள். இருந்தால் அவர் சொந்தமாக வெளியிட்டதை அவரிடமே முழு விலை கொடுத்து வாங்குங்கள். செத்தவருக்குக் கூலியைக் கொண்டுபோய்ச் சேர்க்க நம்மால் ஆகாது. உயிரோடிருப்பவர் இன்னொரு கிரைம்ஸ் ஆகாமல் பார்த்துக்கொள்ள ஆகும்.