கீழ்க்கிளைக்கு ஒரு நட்சத்திரம்

டிசம்பரில் வட ஐரோப்பாவின் ஊர்களில் பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடும். அந்த நீண்ட மாலைகளில் விளக்கடியில் உட்கார்ந்து கிறிஸ்துமஸ் மரத்துக்கான அலங்காரங்களைக் கையால் செய்வது அங்கே பல வீடுகளில் உள்ள வழக்கம். ஸ்வீடனில் வைக்கோலைக் கட்டி ஆடு செய்வார்கள். டென்மார்க்கில் காகிதத்தைப் பின்னி இதயம் செய்வார்கள். கம்பளியை அழுத்தி உண்டாக்கும் ஃபெல்ட் துணியில் நட்சத்திரமும் பறவையும் குட்டிக் கையுறையும் செய்வதும் அப்படி ஒரு வேலைதான். பார்வைக்கு எளிய வேலை. ஆனால் ஆன்ம வாழ்வின் கடினமான பாடமொன்று அதில் இருக்கிறது: விழித்துக்கொண்டே காத்திருப்பது எப்படி என்ற பாடம்.

ஃபெல்ட் நெய்யப்படுவதில்லை. அதில் பாவும் இல்லை, ஊடும் இல்லை, தறியின் ஒழுங்கும் இல்லை. ஆட்டு ரோமத்தின் இழை ஒவ்வொன்றையும் கண்ணுக்குத் தெரியாத நுண்செதில்கள் மூடியிருக்கின்றன. மெரினோ ஆட்டின் இழை சுமார் 20 மைக்ரான் கனம்தான். நம் தலைமுடியைவிட மிக மெல்லியது. அதன் செதில்கள் எல்லாம் நுனியை நோக்கியே சாய்ந்திருக்கும். வெந்நீரும் சோப்பும் பட்டதும் அவை விரிந்து நிமிரும். அந்த நேரத்தில் தேய்த்தால் இழைகள் நகர்ந்து ஒன்றுக்குள் ஒன்று புகும். செதில்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதால், முன்னே போன இழை திரும்பி வராது. தேய்க்கத் தேய்க்கக் கம்பளி சுருங்கி இறுகித் துணியாகிறது. இறுகியதை மறுபடியும் பழைய ரோமமாகப் பிரித்தெடுக்க முடியாது.

இதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது. இந்த இழைகளைச் சேர்த்துக்கட்ட வெளியிலிருந்து எந்த நூலும் வரவில்லை. ஒவ்வோர் இழையும் தன் பக்கத்தில் இருப்பதைப் பற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். நனைதலும் சூடும் அழுத்தமும் இல்லாமல் அந்தப் பற்று உண்டாவதில்லை. ஒரு குடும்பத்தின் உறுதியும் இப்படித்தான் பிறக்கிறது. சேர்ந்து பட்ட வெப்பமும் சேர்ந்து சிந்திய கண்ணீரும் நம்மை ஒருவருக்குள் ஒருவராகப் புக வைக்கின்றன. அந்தத் துயர ஆண்டுகள் கழியும்போது நசுக்கப்படுவதாகவே நமக்குத் தோன்றுகிறது. நாம் ஒன்றாகிக்கொண்டிருந்தோம் என்பது பின்னால்தான் தெரிகிறது.

ஃபெல்ட் தொப்பி செய்வோரின் பாதுகாவலராகப் புனித கிளமெண்டை வணங்கும் மரபு உண்டு. நெடும்பயணத்தில் கால் புண்ணாகாமலிருக்க அவர் செருப்புக்குள் ஆட்டு ரோமத்தை வைத்துக்கொண்டார் என்றும், நடையின் அழுத்தமும் வியர்வையும் சேர்ந்து அதை ஃபெல்ட்டாக்கிவிட்டன என்றும் ஒரு பழங்கதை சொல்கிறது. வரலாறு இல்லை, கதைதான். ஆனால் அந்தக் கதையைச் சொன்னவர்களுக்குக் கம்பளியின் இயல்பு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அந்தப் புனிதரின் திருநாள் நவம்பர் 23. அதற்குப் பின் சில நாட்களில் திருவருகைக்காலம் தொடங்குகிறது.

இனி கைவேலைக்கு வருவோம். மரத்தில் தொங்கவிடும் ஒரு சிறு பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிக்கெடுத்துச் சீவிய கம்பளியை மெல்லிய அடுக்குகளாகப் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்ற வேண்டும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்து, இரு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்ட வேண்டும். தொடக்கத்தில் கையின் எடையே அதன்மேல் விழக்கூடாது. அவசரப்பட்டு அழுத்தினால் பந்தில் மடிப்பு விழும். பிறகு எவ்வளவு உருட்டினாலும் அந்த மடிப்பு முழுதாக மறையாது. மேல்தோல் கொஞ்சம் பிடித்தபின் அழுத்தத்தைக் கூட்டலாம். எப்போது கூட்டுவது என்று எந்தக் கடிகாரமும் சொல்லாது, உள்ளங்கைக்குத்தான் தெரியும். ஆகவே மனம் உள்ளங்கையில் இருந்தாக வேண்டும். நேற்றைய மனத்தாங்கலும் நாளைய கவலையும் வந்து நிற்கும். வரட்டும். கை உருட்டிக்கொண்டிருக்கும்வரை மனம் திரும்பி வருவதற்கு ஓர் இடம் இருக்கிறது. செபமாலையின் மணிகள் செய்வதும் இதைத்தான்.

திருவருகைக்காலம் காத்திருப்பின் காலம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்டது. காத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதைக் குழந்தைகளோடு வாழ்கிறவர்கள் அறிவார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்காக ஓர் இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிஷ் விஷெர்ன் என்ற போதகரும் அதை அறிந்திருந்தார். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்ற கேள்வி அங்கே ஓயாது. 1839இல் அவர் ஒரு மரச்சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தினார். வார நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்தி. ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி. நாளுக்கு ஒன்றாக ஏற்றினார்கள். இன்று உலகெங்கும் ஆலயங்களில் வைக்கப்படும் திருவருகைக்கால வளையத்தின் தொடக்கம் அதுவே. இன்னும் வரவில்லையே என்று தவித்தவர்களின் கையில் இன்று செய்வதற்கு ஒரு சிறு வேலையை அவர் கொடுத்தார். காத்திருப்புக்குக் கை வேண்டும். வெறுங்கையோடு காத்திருப்பவரைத் தவிப்பு பிடித்துக்கொள்கிறது. எதையாவது அன்போடு செய்துகொண்டு காத்திருப்பவரின் காத்திருப்பு மெல்ல மெல்ல வேண்டுதலாகிறது.

லூக்கா நற்செய்தியில் மீட்பர் பிறந்த செய்தி முதலில் யாருக்குப் போகிறது? இரவில் கிடைக்குக் காவலிருந்த இடையர்களுக்கு. அவர்கள் அந்த நேரத்தில் ஆலயத்தில் இல்லை, நோன்பிலும் இல்லை. தங்கள் வேலையில் இருந்தார்கள், அதனால் விழித்திருந்தார்கள். ஊர் முழுவதும் தூங்கிய வேளையில், ஆடுகளின் மூச்சைக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு வானத்தின் பாட்டும் கேட்டது. ஒரு வேலையில் முழு மனத்தோடு இருப்பதே ஒருவகை விழிப்பு என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. ஆட்டு ரோமத்தைக் கையிலெடுக்கும்போது நாமும் அந்த இடையர்களின் பக்கத்தில் போய் உட்காருகிறோம்.

இந்தக் கைவேலைக்கு வயது அதிகம். சைபீரியாவின் அல்தாய் மலைகளில் பசிரிக் என்னும் இடத்தில் உள்ள புதைமேடுகளை 1940களின் இறுதியில் செர்கேய் ருதென்கோ என்ற தொல்லியலாளர் அகழ்ந்தார். அங்கே உறைபனி காத்துவைத்த பொருட்களில் ஃபெல்ட்டால் செய்த அன்னப்பறவைகளும் இருந்தன. வெட்டி, தைத்து, உள்ளே மான் ரோமம் அடைத்த பறவைகள். வயது 2,200 ஆண்டுகளுக்கு மேல். இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மேய்ச்சல் நிலத்து மக்கள் தங்கள் இறந்தோரோடு அவற்றை வைத்தார்கள். உயிர் போகிற வாசலில் அவர்கள் பறவையை வைத்தார்கள். உயிர் வருகிற வாசலில் நாம் நட்சத்திரத்தைத் தொங்கவிடுகிறோம். பெரிய வாசல் ஒன்றின் முன் நிற்கும்போதெல்லாம் மனிதர் தம் கையால் செய்த சிறு பொருளொன்றை அங்கே வைக்க ஏங்குகிறார்கள். சொல்லால் எட்ட முடியாததைக் கையால் தொட்டுக் காட்டும் வழிபாடு அது.

ஜெர்மனியின் கீங்கன் என்ற சிற்றூரில் 1847இல் பிறந்த மார்கரெட் ஸ்டெய்ஃபை இங்கே நன்றியோடு நினைக்கிறேன். ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் அவருடைய கால்களைச் செயலிழக்கச் செய்தது. வலக்கையும் வலியோடுதான் அசையும். அவர் தையல் கற்றார். ஃபெல்ட் உடைகள் விற்கும் கடை தொடங்கினார். 1880இல், பத்திரிகையொன்றில் வந்த மாதிரியைப் பார்த்து, ஊசி குத்திவைப்பதற்காக ஃபெல்ட்டில் ஒரு குட்டி யானை செய்தார். குழந்தைகள் அதை விளையாட எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்துதான் உலகம் அறிந்த அவருடைய பொம்மைத் தொழில் வளர்ந்தது. தான் செய்வது என்ன ஆகும் என்று அவர் அறிந்து செய்யவில்லை. தையல் செம்மையாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் கருத்தாயிருந்தார். பலனை அவர் தேடிப் போகவில்லை. அது குழந்தைகளின் கைகளில் இருந்தது.

கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் மரத்தை அலங்கரிக்கும் விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கண்ணாடி உருண்டைகள் மேல்கிளைகளுக்குப் போய்விடும். கீழே விழுந்தால் உடையும், குத்தும். குழந்தையின் கை எட்டும் கீழ்க்கிளைகளில் ஃபெல்ட் அலங்காரங்கள் இடம்பெறும். மணியும் பொத்தானும் வைக்காமல் தைத்த நட்சத்திரத்தைக் குழந்தை பிடித்து இழுக்கலாம், கசக்கலாம், கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம். நம் கண்ணுக்கு அழகு மேலே இருக்கிறது. குழந்தைக்குக் கிறிஸ்துமஸ் என்பது கைக்கு எட்டுவதுதான். கடவுள் கந்தைத் துணியில் சுற்றப்பட்டுத் தீவனத் தொட்டியில் கிடந்தார் என்று நாம் நம்புகிறோம். எட்டாத உயரத்தில் இருந்தவர் தொடக்கூடிய இடத்துக்கு வந்தார். அந்த நம்பிக்கையின் நெருங்கிய உறவு கீழ்க்கிளையில் தொங்கும் இந்தக் கம்பளித் துண்டு.

ஆகவே இந்தத் திருவருகைக்காலத்தில் ஒரே ஓர் அலங்காரம் செய்து பாருங்கள். யாருக்காக என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்; நிறத்தைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம். கடைகளில் ஃபெல்ட் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் அல்லது பாலியெஸ்டர் இழை; அதுவும் உதவும். ஒரே வடிவில் இரண்டு துண்டு வெட்டி, உச்சியில் தொங்கவிட ஒரு நூல் வைத்து, ஓரத்தைச் சுற்றிக் காஜாத் தையல் போட்டு வாருங்கள். சிறிது இடைவெளி விட்டு, அதன் வழியே பஞ்சை அளவாக அடைத்து மூடுங்கள். ஒவ்வொரு தையலுக்கும் அந்த ஒருவரின் ஒரு நன்மையை, ஒரு துயரை, ஒரு தேவையை நினைத்துக்கொள்ளுங்கள். அவரோடு உங்களுக்கு மனவருத்தம் இருந்தால் வேலை இன்னும் மெதுவாக நடக்கட்டும். வெந்நீர் கம்பளிக்குச் செய்வதை நினைவு உங்கள் மனத்துக்குச் செய்யும். ஒருவருக்காகப் பொறுமையோடு கையை அசைக்கப் பழகியவர், வரவேண்டியவர் எந்த உருவில், எந்த நேரத்தில் வந்து கதவைத் தட்டினாலும் தூங்கிக்கொண்டிருக்க மாட்டார்.