தகப்பன் வழி

சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் ஆளின் பெயருக்கு முன்னால் வீட்டுப்பெயர் நிற்கும். தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும். மகள் கல்யாணமாகிப் போனால் புருஷன் வீட்டுப்பெயர். கோத்திரமும் அப்படித்தான். ஒய் குரோமோசோமும் இதே வழியில்தான் இறங்குகிறது, மகனுக்கு மட்டும்.

*

ஒய் சோதனைக்குக் கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தேய்த்துக் கொடுத்தால் போதும். ஏறக்குறைய 6 கோடி எழுத்துகள் கொண்ட அந்தக் குரோமோசோம் பெரும்பாலும் அப்படியே மகனுக்குப் போகிறது. எப்போதாவது ஓரெழுத்து பிசகும்; அந்தப் பிசகு அந்த மகன்வழியில் பின்னால் பிறக்கும் ஆண்கள் எல்லோரிடமும் தங்கிவிடும். அதை வைத்துத்தான் எச், எல், ஆர்1ஏ, ஆர்2 என்று கிளை பிரிக்கிறார்கள். அறிக்கையில் பெயர் வராது, ஊர் வராது, சாதியும் வராது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஆந்திரத்தின் செஞ்சுப் பழங்குடி ஆண்களில் சுமார் கால் பங்கினரிடம் ஆர்1ஏ இருந்தது. மேல்சாதி அடையாளம் என்று சிலர் பெருமையடித்துக்கொள்ளும் கிளை அது.

*

ஆண் வாரிசு இல்லாத ரெட்டி, கம்மா குடும்பங்களில் மாப்பிள்ளையை வீட்டோடு வைத்து, மகனுக்குரிய சொத்துரிமையைக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. 'இல்லடம்' என்று பேர். வெள்ளைக்காரன் காலத்து நீதிமன்றங்களும் அதை ஒப்புக்கொண்டன. தத்துப்பிள்ளையும் உண்டு. நிலம் கைவிட்டுப் போகவில்லை, கொள்ளி போட ஆள் இருந்தது, குடும்பம் நின்றது. சோதனையில் மட்டும் அந்த இடத்தில் வழி மாறியிருக்கும். அதில் பதற என்ன இருக்கிறது?

*

திருமலை வேங்கடவனைப் பாடிய தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் வம்சத்தார் இன்றும் அங்கே பாட்டுச் சேவை செய்கிறார்கள். மகன்வழி வந்த ஆணிடம் அவருடைய ஒய் தடம் கிடைக்கும். 'சுபத்ரா கல்யாணம்' எழுதிய மனைவி திம்மக்காவின் தடம் அதில் ஓரெழுத்துகூடக் கிடைக்காது.

*

10 தலைமுறை மேலே போனால் 1,024 இடங்கள். மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டிக்கொள்ளும் நம் பக்கத்தில் ஒரே ஆள் இரண்டு மூன்று இடங்களில் உட்கார்ந்திருப்பார். அப்படியிருந்தும் ஒய் சோதனை தொடுவது ஒரே ஓர் ஆளைத்தான்.

சோதனை செய்துகொள்ளுங்கள், தவறில்லை. அறிக்கை வருவதற்குள் அம்மாவின் அம்மா பெயர், அவர் பிறந்த ஊர், அவரைப் பெற்றவள் பெயர் எல்லாவற்றையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்தப் பெயர்களை எந்தச் சோதனைக்கூடமும் சொல்லாது.