உடனிருத்தல் என்னும் சான்று

சமய நம்பிக்கை உடைய ஒருவர் அதனை உலகிற்கு எவ்வாறு புலப்படுத்துகின்றார் என்பது ஒழுக்கவியலின் பழைய வினாக்களுள் ஒன்றாகும். கிறித்தவ மரபிலே இதற்குப் பல விடைகள் கூறப்பட்டுள்ளன. நற்செய்தியைப் போதித்தல், வழிபாட்டிற் பங்குகொள்ளல், அறப்பணி புரிதல், வேண்டுமிடத்து உயிரையும் ஈதல் என்பன அவற்றுட் சில. இவற்றோடு ஒப்பிடுமிடத்து மிக எளியதாகத் தோன்றும் மற்றுமொரு விடையும் உண்டு. பிறரோடு இருக்கும்பொழுது முழுமையாக அவரோடு இருத்தல் என்பதே அது. எளியதாகத் தோன்றும் இவ்விடை எத்துணைக் கடினமானது என்பதும், அது எந்நிலையில் விசுவாசத்தின் சான்றாகின்றது என்பதும் ஆராயத்தக்கன.

தமிழிலே சமுகமளித்தல் என்றும் பிரசன்னம் என்றும் இரு வழக்குகள் உள. விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருப்போர் அனைவரும் சமுகமளித்தவரே. வரவு இடாப்பு அதற்குச் சான்று பகரும். ஆயினும் அவருட் சிலருடைய உள்ளம் அவ்வேளையில் வேறிடத்தே உலவுதல் கூடும். அவ்வேறுபாட்டைக் குறிப்பதற்கு இடாப்பிலே இடமில்லை. பிரசன்னம் என்னுஞ் சொல்லையோ கிறித்தவத் தமிழ் பெரும்பாலும் இறைவனுக்கே உரியதாக வைத்துள்ளது. ஒரு மனிதர் மற்றொரு மனிதருக்குப் பிரசன்னமாதல் என்பது, உடல் இருக்குமிடத்தில் உள்ளமும் இருத்தல். எதிரில் நிற்பவரைத் தம் அலுவலின் ஒரு கூறாக அன்றி அவராகவே ஏற்றல். விருந்தோம்பலைப் பற்றிக் கூறப் புகுந்த வள்ளுவர், உணவைக் கூறுவதோடு நில்லாது விருந்தினரை நோக்கும் முகத்தையும் கூறியமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. இலையிலே குறைவில்லாதிருப்பினும் முகத்திலே குறைவிருப்பின் விருந்து விருந்தாகாது.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் நிகழ்ச்சியொன்று இதற்குத் தக்க விளக்கமாக அமைகின்றது. செபக்கூடத் தலைவர் ஒருவருடைய 12 வயது மகள் சாகுந் தறுவாயில் இருக்கின்றாள். அவளைக் காப்பதற்கு இயேசு விரைந்து செல்கின்றார். வழியிலே மக்கள் கூட்டம் அவரை நெருக்குகின்றது. 12 ஆண்டுகளாக உதிரப்போக்கினால் வருந்திய பெண்ணொருத்தி பின்புறமாக வந்து அவருடைய ஆடையைத் தொட்டு நலமடைகின்றாள். இயேசு நின்று, தம்மைத் தொட்டவர் யாரென வினவுகின்றார். பலர் நெருக்கும்பொழுது இவ்வாறு கேட்பது பொருந்தாது என்பது சீடர் கருத்து. நோய் நீங்கியபின் அங்கே நிற்பதற்குத் தேவையேதும் இருந்ததாகத் தோன்றவில்லை. ஆயினும் அவர் நிற்கின்றார். அப்பெண் நடுங்கியவளாய் முன்வந்து தன் வரலாறு முழுவதையும் கூறுமளவும் அவர் கேட்டுக்கொண்டிருக்கின்றார். அவள் வேண்டியது குணம். அதற்கு மேலாக அவளுக்குக் கிடைத்தது, தன்னைக் கேட்பதற்கு ஒருவர்.

இந்நிகழ்ச்சியின் மறுபக்கம் போதனைகளிற் பெரும்பாலும் வற்புறுத்தப்படுவதில்லை. அவர் நின்று பேசிக்கொண்டிருக்கையிலேயே, சிறுமி இறந்துவிட்டாள் என்னும் செய்தி வருகின்றது. ஒருவருக்காக நின்ற நேரம் மற்றொருவருக்குத் தாமதமாயிற்று. அருகில் நின்ற அத்தந்தையின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! நற்செய்தியிலே அச்சிறுமி மீண்டும் எழுகின்றாள். அத்தகைய ஆற்றல் இல்லாத மனிதருக்கோ இவ்விடர்ப்பாடு தீராததாகவே நிற்கின்றது. முழுமையாக உடனிருத்தல் செலவில்லாத அறமன்று. அதன் விலையை உடனிருப்பவர் மாத்திரமன்றிக் காத்திருக்கும் பிறரும் கொடுக்க நேர்கின்றது. இவ்வுண்மையை மறைத்து உடனிருத்தலைப் புகழ்வது நேர்மையாகாது.

நேரத்துக்கும் அன்புக்கும் இடையிலான இப்பூசலை 1973ஆம் ஆண்டில் வெளியான உளவியல் ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. ஜோன் டார்லி, டானியல் பற்சன் என்னும் இரு ஆய்வாளர், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியற் கல்லூரி மாணவர் 40 பேரை அருகிலிருந்த மற்றொரு கட்டடத்திற்குச் சென்று சிற்றுரையாற்றுமாறு பணித்தனர். சிலருக்குத் தரப்பட்ட பொருள் நல்ல சமாரியன் உவமை. ஏனையோருக்கு வேறொரு பொருள். செல்லும் வழியிலே, இருமி முனகியவாறு சுருண்டு கிடக்கும் ஒருவரை அவர்கள் கடக்க நேர்ந்தது. விரைவு குறைவாயிருந்தவருள் 63 சதவீதத்தினரும், இடைநிலையினருள் 45 சதவீதத்தினரும், மிக விரைந்தோருள் 10 சதவீதத்தினரும் மாத்திரமே உதவ முற்பட்டனர். சமாரியனைப் பற்றி உரையாற்றச் சென்றமை குறிப்பிடத்தக்க வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை. ஆய்வாளர் இதனை வன்னெஞ்சம் என்று முடிவு கட்டாமை கருதத்தக்கது. தமக்காகக் காத்திருப்பவர் ஒருபுறம், தரையிற் கிடப்பவர் மறுபுறம் என்ற இழுபறியிலே பலர் அகப்பட்டனர் என்பது அவர் கருத்து. எனவே, பிறரைக் கைவிடுவதற்குப் பகைமை வேண்டியதில்லை. நல்லதொரு கடமையும் சிறிது அவசரமும் போதும். உவமையை அறிந்திருத்தல் வேறு, உவமையில் வரும் மனிதனைப் பாதையிலே காணுதல் வேறு.

காணுதல் என்னும் இச்செயலையே தம் சிந்தனையின் நடுவே வைத்தவர் பிரெஞ்சு மெய்யியலாளர் கபிரியேல் மார்சல் (1889–1973). முதலாம் உலகப் போரின்போது உடல்நலக் குறைவினாற் படையிற் சேராத அவர், காணாமற்போன போர்வீரரைப் பற்றிய தகவல் தேடும் செஞ்சிலுவைச் சங்கப் பணியில் ஈடுபட்டார். ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை. பெயர், படைப்பிரிவு, இறுதியாகக் காணப்பட்ட இடம் என்பன அதிலே குறிக்கப்படும். அட்டையை நிரப்புவது அலுவல். ஆனால் மகனைத் தேடிவந்த பெற்றோருக்கு அவன் அட்டையல்லன். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே மார்சலுடைய மெய்யியல் பிறந்த நிலங்களுள் ஒன்றாயிற்று. மனிதரைத் தகவல்களின் தொகுதியாக நோக்கும் பார்வைக்கு எதிராக, மற்றவரின் அழைப்புக்குத் தன்னைத் திறந்து வைத்திருத்தலை அவர் வலியுறுத்தினார். தன் கவலைகளால் நிரம்பியிருப்பவர் அருகிலிருந்தும் இல்லாதவர் ஆகின்றார். 1929இல் மார்சல் கத்தோலிக்கரானார். உடனிருத்தலைப் பற்றிய சிந்தனை அவருக்கு விசுவாசத்திலிருந்து இறங்கிய முடிவன்று. விசுவாசத்தை நோக்கிச் சென்ற பாதை.

இங்கே ஒரு நுண்ணிய சிக்கல் எழுகின்றது. உடனிருத்தல் விசுவாசத்தைக் காட்டுவதாயின், காட்டவேண்டும் என்னும் எண்ணமே அதனைக் கெடுத்துவிடாதோ? துன்புறுவோர் அருகில் அமர்ந்து தம் சமயத்தின் பெருமையை நிலைநாட்ட எண்ணுபவர், அத்துன்புறுவோரைத் தம் சமயத்துக்கு ஒரு கருவியாக்குகின்றார். ஏழையிற் கிறித்துவைக் காண்க என்னும் அறிவுரையும் இவ்வாறே பிழைபடுதல் கூடும். ஏழை ஒரு கண்ணாடிச் சாளரம் போலாகி, அதனூடாக வேறொருவரைப் பார்க்கும் பார்வையிலே அவருடைய முகம் மறைந்துபோகின்றது. மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரம் கூறும் இறுதித் தீர்ப்புக் காட்சி இதற்கு விடை தருகின்றது. பசித்தோருக்கு உணவளித்த நீதிமான்கள், தாம் இறைமகனை எப்போது கண்டோம் என வியப்போடு வினவுகின்றனர். அவர்கள் அறிந்திருக்கவில்லை; அவர்கள் கண்டது பசித்த மனிதரையே. அவர்களது அறியாமை குறையாக அன்றிச் சிறப்பாகவே அங்கு அமைகின்றது. காட்ட எண்ணாதவிடத்தே விசுவாசம் காட்சிக்கு வருகின்றது என்பதே இதன் பொருள்.

இக்கருத்தைத் தம் வாழ்விலே சோதித்தவர் சார்ள்ஸ் த பூக்கோ. 1858இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரிற் பிறந்த அவர் இளமையில் நம்பிக்கையை இழந்தவர். படை அதிகாரியாக வாழ்ந்தவர். 1883–84இல் மாறுவேடத்தில் மொரோக்கோவை ஆராயச் சென்றபோது, முஸ்லிம் மக்களின் இறைபக்தி அவர் உள்ளத்தைக் கலக்கியது. அவரைத் தம் சமயத்துக்கு மீளச்செய்த காரணங்களுள் பிறசமயத்தார் இறைவன்முன் நின்ற நிலையும் ஒன்று. 1901இற் குருவாகிய அவர், 1905 முதல் சகாராவின் தெற்கே தமன்ராசெத் என்னுமிடத்தில் துவாரெக் மக்களிடையே குடியேறினார். அங்கு வேறு கிறித்தவர் இன்மையால், அக்காலத் திருச்சபை விதிப்படி அவர் தனித்துத் திருப்பலி ஒப்புக்கொடுத்தல் இயலாதிருந்தது. திருப்பலி நிறைவேற்றத்தக்க இடத்தில் வாழ்வதா, அல்லது அதனை இழந்தும் அம்மக்களோடு வாழ்வதா என்பது குருவானவர் ஒருவருக்குச் சிறிய வினாவன்று. அவர் அம்மக்களோடு இருப்பதையே தெரிந்துகொண்டார். தனித்துத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் அனுமதி 1908இலேயே கிடைத்தது.

அவ்வாண்டின் தொடக்கத்தில், கடும் வரட்சிக் காலத்திலே, அவர் நோயுற்று எழமாட்டாது கிடந்தார். கொடுப்பதற்காகச் சென்றவரிடம் கொடுப்பதற்கு எதுவுமில்லை. துவாரெக் மக்கள், அரிதாகக் கிடைத்த ஆட்டுப்பாலைத் தேடிக் கொணர்ந்து அவரைக் காப்பாற்றினர். உடனிருத்தலின் முழுமை இங்குப் புலனாகின்றது. கொடுப்பவராக மாத்திரம் இருப்பவர் எப்பொழுதும் ஒரு படி மேலேயே நிற்பவர். பெறுபவராகவும் இருக்க இசைந்தவரே சமநிலத்தில் உடனிருப்பவர். அவர் அம்மக்களின் மொழியைப் பல்லாண்டுகள் பொறுமையோடு கேட்டுத் தொகுத்த அகராதி, அவர் மறைவின்பின் 1951–52இல் நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. ஒரு சொல்லின் பொருளை அதனைப் பேசுவோரிடமே கேட்டறிதலும் உடனிருத்தலின் ஒரு வடிவமே. மதம் மாறியோர் தொகையைக் கொண்டு அளப்பின் அவர் வாழ்வு ஒரு தோல்வி. 2022இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தபோது அவ்வளவுகோலைக் கொள்ளவில்லை.

எனினும் பூக்கோவின் வாழ்விலே நிழலும் உண்டு. பிரெஞ்சு ஆட்சி அந்நிலத்தில் நிலைபெறுவதை அவர் விரும்பினார். படை அதிகாரிகளோடு தொடர்ந்து கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். உலகப் போர்க்காலத்தில் அவர் கட்டிய அரணிலே ஆயுதங்களும் வைக்கப்பட்டிருந்தன. அவ்வரணின் வாயிலிலேயே 1916 டிசெம்பர் 1ஆம் நாள் அவர் கொல்லப்பட்டார். ஒரு மக்களோடு முழுமையாக வாழ விரும்பியவரும் தம் நாட்டின் அதிகாரம் தம்மோடு வந்து அமர்வதைத் தடுக்கவில்லை. தனிமனிதரின் தூய எண்ணம் அவர் பின்னே நிற்கும் அதிகாரத்தின் நிழலை அகற்றப் போதாது என்பதை இது உணர்த்துகின்றது. உடனிருக்க விழைவோர் தம்மோடு எவற்றையெல்லாம் கொண்டு செல்கின்றார் என்பதையும் வினவுதல் வேண்டும்.

மற்றுமொரு தடையும் கருதற்பாலது. பசித்தவரிடம் உணவின்றி நல்வார்த்தை மாத்திரம் கூறுதலை யாக்கோபின் திருமுகம் கண்டிக்கின்றது. உடனிருத்தல் செயலின்மைக்குப் போர்வையாகுமாயின் அது அறமாகாது. இதற்கு வைத்தியர் சிசிலி சோண்டர்ஸ் (1918–2005) நல்ல விடையாவார். தாதியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்த அவர், 1957இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1967இல் இலண்டனிலே சாவை எதிர்நோக்கியோருக்கான புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தார். கெத்செமனித் தோட்டத்திலே இயேசு தம் சீடரிடம் உடன் விழித்திருக்குமாறு வேண்டினார். அவ்வேண்டுகோளையே அவர் தம் பணிக்கு அடிப்படையாகக் கொண்டார். ஆயினும் அவர் விழித்திருத்தலோடு அமையவில்லை. வலி மீண்டெழுமுன்னரே ஒழுங்கான நேர இடைவெளியில் மோபீன் மருந்தை அளவறிந்து கொடுக்கும் முறையையும் வளர்த்தார். நோயாளி கூறுவதைக் கேட்டதனாலேயே, வலி உடலோடு நில்லாது உள்ளத்தையும் குடும்பத்தையும் ஆன்மாவையும் தாக்குவது என அவர் கண்டார். கவனமான உடனிருத்தல் திறமைக்கு மாற்றன்று. திறமை செல்லவேண்டிய திசையை அதுவே காட்டுகின்றது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, முழுமையான உடனிருத்தல் என்பது எல்லோருக்கும் எப்பொழுதும் கிட்டக்கூடிய ஒரு நிலையன்று என்பது தெளிவாகும். மனிதருடைய நேரமும் வலிமையும் எல்லைக்குட்பட்டவை. ஒருவருக்காக நிற்பவர் மற்றொருவரைக் காத்திருக்கச் செய்தே தீர்வார். ஆனால் இருவரையும் கண்டு, வருந்தி, ஒருவரைத் தெரிதல் வேறு. ஒருவரையும் காணாது கடந்து செல்லுதல் வேறு. முன்னது மனித எல்லை. பின்னது மனிதத் தவறு. விசுவாசம் இவ்வெல்லையை நீக்குவதில்லை. எதிரில் நிற்பவர், தம் அலுவலுக்கும் தம் சமயத்துக்கும் தம் நற்பெயருக்கும் முன்னரே மதிப்புடையவர் என்னும் உறுதியையே அது அளிக்கின்றது. அவ்வுறுதி உடையவர் தாம் விசுவாசி என அறிவிக்கவேண்டிய தேவையில்லை. அவரோடு சிறிது நேரம் இருந்து எழுந்து செல்பவர், தாம் கேட்கப்பட்டதை உணர்வர். அவர் அதற்கு இறைவனின் பெயரைச் சூட்டலாம், சூட்டாமலும் விடலாம். அத்தெரிவை அவரிடமே விட்டுவிடுவதும் உடனிருத்தலின் ஒரு பகுதியாகும்.