ஈய முத்திரையும் உரையளவையும்

விமானத்திலிருந்து குதிப்பவர் முதுகில் சுமக்கும் பொதியில் இரண்டு பாரசூட்டுகள் இருக்கின்றன. அவற்றுள் முதலாவதைக் குதிப்பவரே மடித்துக்கொள்ளலாம் என்றும், அது விரியாத வேளைக்கென வைக்கப்படும் ரிசர்வ் பாரசூட்டைச் சான்றிதழ் பெற்ற மடிப்பாளர் மட்டுமே மடிக்கலாம் என்றும் ஐக்கிய அமெரிக்காவின் வான்பயண விதிகள் பகுத்துக் கூறுகின்றன. 'ரிக்கர்' எனப்படும் அம்மடிப்பாளர் ஒவ்வொருவரும் தமக்கென ஒதுக்கப்பட்ட அடையாளக் குறியையும் அதைப் பதிக்கும் அச்சுக் குறட்டையும் வைத்திருக்க வேண்டும். மடிப்பு முடிந்ததும், பொதியை மூடி நிறுத்தும் ஊசியைச் சுற்றிச் சிவப்புப் பருத்தி நூலைக் கட்டி, அதன் முனைகளைச் சிறு ஈய வில்லைக்குள் நுழைத்து, குறட்டால் நசுக்கித் தம் குறியை அவர் பதிக்கிறார். பின்னர், பொதியோடு இணைந்த அட்டையில் மடித்த நாளையும் இடத்தையும் எழுதி, சான்றிதழ் எண்ணோடு கையொப்பமிடுகிறார். தம் பதிவேட்டிலும் அதைக் குறித்து, அப்பதிவைக் குறைந்தது 2 ஆண்டுகள் பேணுகிறார்.

இந்த நூல் வேண்டுமென்றே வலுவற்றதாகத் தெரிந்தெடுக்கப்படுகிறது. ஏறத்தாழ 2 கிலோ இழுவையிலேயே அது அறுந்துவிடும். கைப்பிடியை இழுத்து ஊசியை உருவுவதற்கோ 10 கிலோ வரை விசை தேவைப்படலாம் என்பதால், ஆபத்து வேளையில் இழுக்கும் கைக்கு நூல் இருப்பதே தெரியாது. எவரையும் தடுக்கும் வலிமை அதற்கு இல்லை. யாரேனும் தொட்டிருந்தால் அதைக் காட்டிக்கொடுக்கும் திறன் மட்டுமே உண்டு. அவ்வாறாயின், உள்ளிருப்பதைக் காணாமல் அந்த முத்திரையை மட்டும் பார்த்துவிட்டு விமானத்தின் வாயிலில் நிற்பவர் எந்த அறிவை நம்பிக் குதிக்கிறார் என்பது மெய்யியலுக்குரிய வினாவாகிறது.

அறிவைப் பெறும் வழிகளைத் தமிழ்ச் சமய நூல்கள் 'அளவை' என்ற பெயரால் ஆராய்ந்தன. காட்சி என்பது புலன்களால் நேரே அறிவது. கருதல் என்பது புகையைக் கண்டு நெருப்பை உணர்வதுபோல் அடையாளத்திலிருந்து ஊகித்து அறிவது. உரை என்பது நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது. சைவ சித்தாந்திகள் இம்மூன்றையும் ஏற்றனர். மணிமேகலையில் அறவண அடிகள் வாயிலாகப் பேசும் பௌத்த மரபோ காட்சி, கருதல் என்னும் இரண்டையே கொண்டு, ஏனையவற்றைக் கருதலுள் அடக்கியது. ரிசர்வ் பாரசூட்டைப் பொறுத்தவரை காட்சி தொடக்கத்திலேயே விலகிவிடுகிறது. மடிப்பு சரியாக இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்த கணத்தில் பார்க்க வேண்டிய மடிப்பே இல்லாமற்போகிறது. எஞ்சி நிற்கும் வழக்கு கருதலுக்கும் உரைக்கும் இடைப்பட்டது.

பௌத்தர் கூறக்கூடிய விடையை எளிதில் ஊகிக்கலாம். சான்றிதழ் பெற்றவர்கள் மடித்தவை பெரும்பாலும் விரிந்திருக்கின்றன, இதுவும் அத்தகையவர் மடித்தது, ஆகவே இதுவும் விரியும் என்பது அவர் வாதமாக இருக்கும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. அறாத நூலிலிருந்து 'எவரும் திறக்கவில்லை' என்று கொள்வது தூய கருதலே. ஆனால் அட்டையில் உள்ள கையொப்பம் அவ்வகையைச் சார்ந்ததன்று. அது இன்னார், இன்ன நாளில், இன்ன இடத்தில் இச்செயலைச் செய்தார் என்று ஒருவர் பொறுப்பேற்றுச் சொல்லும் கூற்று. அமெரிக்கக் குதிப்பாளர்களிடையே சட்டம் அறியாத வழக்கம் ஒன்று உண்டு: ரிசர்வ் விரிந்து உயிர் பிழைத்தவர், அதை மடித்த ரிக்கருக்கு ஒரு மதுப்புட்டியைக் கொண்டுபோய்க் கொடுப்பார். நெருப்பைக் காட்டித் தந்ததற்காகப் புகைக்கு எவரும் நன்றி சொல்வதில்லை. மடித்தவருக்கு நன்றி சொல்லப்படுவதால், குதிப்பவர் தம்மை அறியாமலேயே உரையளவையின் பக்கம் நிற்கிறார் என்று கொள்வதே பொருத்தம்.

நியாய மரபு நம்பத்தக்கவரை 'ஆப்தர்' என்றழைத்தது. நியாய சூத்திரத்திற்கு உரை வகுத்த வாத்ஸ்யாயனர், பொருளை நேரே அறிந்திருத்தல், அறிந்ததை அறிந்தவாறே உரைக்க விழைதல் ஆகியவற்றை ஆப்தருக்கு இலக்கணமாக வைத்து, அவ்விலக்கணம் முனிவருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்றும் கூறினார். குலத்தையும் சமயத்தையும் கடந்து தகுதியை வரையறுத்த இக்கருத்து, இவ்வளவு பழைய நூலில் இருப்பது வியப்புக்குரியது. ரிக்கரின் அறிவைத் தேர்வும் சான்றிதழும் உறுதிசெய்கின்றன. விழைவை எது உறுதிசெய்கிறது? மூடுவதற்குமுன் தற்காலிக ஊசிகளையும் கவ்விகளையும் எண்ணிச் சரிபார்க்கும் பழக்கத்தை எடுத்துக்கொண்டால், ஒன்று உள்ளேயே தங்கிவிட்டதா என்பதை எண்ணியவர் ஒருவரே அறிவார். அமெரிக்கத் தரைப்படை இதற்குக் கடுமையான வழியொன்றைக் கண்டது: ரிக்கர் பயிற்சி பெறுவோர் தாம் மடித்ததை அணிந்து தாமே குதிக்கின்றனர், தாம் மடித்த எதனோடும் எவ்வேளையிலும் குதிக்க ஆயத்தமாக இருப்பதும் அவர்கள் கடமை. குடிமைச் சட்டம் அவ்வளவு தூரம் போகாமல், பெயரையும் குறியையும் கேட்பதோடு நின்றுவிடுகிறது.

தம் ரிசர்வைத் தாமே மடித்துக்கொள்ளும் ரிக்கருக்கும் முத்திரையிலிருந்து விலக்கில்லை. தம் கையால் செய்ததற்குத் தமக்கே சாட்சி எதற்கு என்று தோன்றலாம். நான்கு மாதம் கழித்துக் குதிக்கும்போது அவரிடம் இருப்பது காட்சியன்று, நினைவு. நினைவும் முன்னொரு நாளில் இருந்த தம்மிடமிருந்து வரும் சொல்லே ஆகையால், அவரும் மற்றவரைப்போல் நூல் அறாதிருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவராகிறார்.

சொல்லுக்குக் காலவரையும் இடப்பட்டிருக்கிறது. நைலான் போன்ற செயற்கை இழைத் துணியாயின் மடித்து 180 நாள் வரையிலும், பட்டு முதலிய இயற்கை இழையாயின் 60 நாள் வரையிலுமே பாரசூட்டைப் பயன்படுத்தலாம். செயற்கை இழைக்கு முன்பு இருந்த 120 நாள் வரம்பு 2008 இறுதியில் நீட்டப்பட்டது. அடிக்கடி பிரித்து மடிப்பதே துணியைத் தேய்க்கிறது என்பது நீட்டிப்பை வேண்டியோர் வாதங்களுள் ஒன்று. ஐயத்தைத் தீர்க்கும் செயலே ஐயத்துக்குரிய பொருளைச் சிறிது கெடுக்கிறது என்றால், எத்தனை நாளைக்கொருமுறை ஐயப்படுவது என்பதற்கும் ஓர் அளவு வேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் சோதிக்கும் நிலை, குதிக்குமுன் பார்க்கையில் நூல் அறுந்திருப்பது. மேல்மடலில் உராய்ந்து அறுந்திருக்கலாம்; ஊசியும் கண்ணியும் இருந்தபடியே தோன்றலாம்; எவரோ கைவைத்திருக்கும் வாய்ப்பு மிகச் சிறிது. கருதல் ஒன்றையே அளவையாகக் கொள்பவர் புதிய நூலைக் கட்டிவிட்டால் போதும் என்பார். அவரது கணக்கில் பிழை காண்பதும் கடினம். கண்டிப்பான ரிக்கர், தாமே முன்பு மடித்த பொதியாயினும், அதற்கு உடன்படமாட்டார். மடித்ததை அவர் அறிவார். இடையில் நடந்ததை அறியார். அதன்மேல் குறியைப் பதித்தால், தாம் காணாத ஒன்றுக்குத் தம் பெயரால் சொல் கொடுத்தவராவார். ஆகவே அவர் பொதியை முழுவதும் பிரித்து, துணியையும் கயிறுகளையும் சோதித்து, புதிதாக மடித்து, அட்டையில் புதிய வரியை எழுதி, அதற்குரிய முழுக் கூலியையும் வாங்கிக்கொள்கிறார்.