தறி நின்ற வீட்டில் யாருடைய பொறுமை?

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, வேலூர் போகும் நெடுஞ்சாலையில், பெரிய ஏரியை ஒட்டி இருக்கிறது தாமல். வராகீஸ்வரர் கோயிலும் தாமோதரப் பெருமாள் கோயிலும் உள்ள ஊர். இந்த வட்டாரத்தில் பட்டு நெசவு வீட்டுக்குள்ளேயே நடக்கும் தொழில். கூடத்தில் தறி, அதே கூடத்தில் சாப்பாடு, படுக்கை, பிள்ளைகளின் படிப்பு. அதனால் 2020 மார்ச் 25-ஆம் தேதி கொரோனா ஊரடங்கு தொடங்கி, வீட்டிலேயே இருங்கள் என்று அரசு சொன்னபோது, நெசவாளிக்கு அது புதிய உத்தரவாகத் தோன்றியிருக்காது. அவர் எப்போதும் வீட்டில் இருப்பவர்தான்.

ஆனால் தறி நின்றது. கர்நாடகத்துப் பட்டு வரவில்லை, சூரத் ஜரிகை வரவில்லை. முகூர்த்த மாதங்களில் கடைகள் பூட்டிக் கிடந்தன. போட்டிருந்த பாவு தீர்ந்ததும் கூலியும் தீர்ந்தது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் மட்டும் கணக்கில் அப்படியே இருந்தது. அரிசி அட்டைக்கு அரசு கொடுத்த 1,000 ரூபாயும் இலவச அரிசியும் அடுப்பை அணையாமல் வைத்தன. அதற்கு மேல் எதுவும் இல்லை.

இப்படிப்பட்ட வீட்டில் ஓர் ஆண் எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுகிறான். சில வீடுகளில் கையையும் ஓங்குகிறான். மாமியாரும் அக்கம்பக்கமும் அவன் மனைவியிடம் சொல்வது ஒன்றுதான்: “பாவம், வேலை இல்லாத கவலை. நீதான் கொஞ்சம் பொறுத்துப் போகணும்.” இந்த அறிவுரை நியாயமானதா என்பதே இங்கே கேள்வி.

அந்தக் கவலை பொய்யில்லை. பத்துப் பதினைந்து வயதிலிருந்து தறிக்குழியில் கால் வைத்தவனுக்கு வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பது பெரிய அவமானம். கடன்காரன் வாசலுக்கு வராவிட்டாலும் நினைப்பில் வந்து நிற்பான். துக்கம் மனிதனைக் கெடுக்கும் என்பதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் நின்றது அவன் கூலி மட்டும்தானா? கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ள இன்னொருவர். பல வீடுகளில் அந்த இன்னொருவர் மனைவிதான். தார் சுற்றுவதும் அவள். கணக்கு நோட்டில் பெயர் மட்டும் அவளுடையது கிடையாது. ஆகவே தறி நின்றபோது அவளுக்கும் வேலை போயிற்று. நாளைக்கு உலையில் எதைப் போடுவது என்ற கவலை அவனைவிட அவளுக்கு ஒரு பிடி அதிகம். கவலைப்படுகிறவருக்குக் கோபப்பட உரிமை உண்டு என்றால் அந்த உரிமை முதலில் அவளுக்குச் சேர வேண்டும். யாரும் கொடுக்கவில்லை. “வேலை இல்லாத கவலை” என்று சொல்லி நாம் மன்னித்தது கவலையை அல்ல, ஆண் என்ற இடத்தை என்பது இதிலிருந்தே விளங்கும்.

பொறுமை பெரிய குணம், ஐயமில்லை. ஆனால் ஒரு வீட்டில் ஒருத்தியிடம் மட்டும் வசூலிக்கும் பொறுமையைக் குணம் என்று சொல்லிப் பாராட்டுவது சூது.

வழக்கமான நாட்களில் அவளுக்குச் சில சந்துகள் இருந்தன. குழாயடி, ரேஷன் வரிசை, வெள்ளிக்கிழமைக் கோயில், உறை மோர் வாங்கப் பக்கத்து வீடு, கொதிப்பு அடங்கும்வரை ரெண்டு நாள் அம்மா வீடு. ஊரடங்கு இவை எல்லாவற்றையும் அடைத்தது. நோயைத் தடுக்க அது தேவைப்பட்டது என்பது சரி. இந்தச் சந்துகளுக்குப் பதிலாக என்ன என்று திட்டமிட்டவர்கள் யோசிக்கவில்லை என்பதும் சரி. குடும்ப வன்முறையைப் புகார் செய்ய தேசிய மகளிர் ஆணையம் 2020 ஏப்ரலில் ஒரு வாட்ஸ்அப் எண்ணை அறிவித்தது. நல்ல எண்ணம்தான். வீட்டுக்கு ஒரே ஒரு போன், அதுவும் அவன் சட்டைப் பையில் என்றால் அவள் எங்கே போய் எழுதுவது?

ஊரடங்கில் மூடியவற்றை எந்த வரிசையில் திறந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சென்னை நீங்கலாகத் தமிழ்நாட்டில் டாஸ்மாக் 2020 மே 7-ஆம் தேதி திறந்தது. உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததும் மே 16-ல் மறுபடி திறந்தது. பெரிய கோயில்கள் பக்தர்களுக்குத் திறந்தது செப்டம்பர் 1-ல். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பள்ளிக்கூடம் போக 2021 நவம்பர் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வீட்டில் அமைதி காக்கச் சொன்ன அரசு, அமைதியைக் கெடுப்பதை முதலில் திறந்துவிட்டது.

இனி பக்கத்து வீட்டுக்காரர். தறிச் சத்தம் ஓய்ந்த தெருவில் ஒரு வீட்டில் விழும் அறை அடுத்த வீட்டில் கேட்கும். அது அவர்கள் வீட்டு விஷயம் என்று ஒதுங்குபவரிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. நாம் தட்டிக் கேட்டுவிட்டு வந்துவிடுவோம், கதவு மூடிய பிறகு அவள் அதே வீட்டில்தான் இருந்தாக வேண்டும். தெருவே சொந்தபந்தம், போலீஸ் வந்தால் மானம் போயிற்று என்று அவளே நம்மைத் திட்டக்கூடும். இது வெறும் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் இந்த வாதம் எப்படித் தலையிடுவது என்று யோசிக்கத்தான் சொல்கிறது. தலையிடவே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் உதவி நாடியவர்கள் ஏறக்குறைய 14 விழுக்காடுதான். நான்கில் மூன்று பேர் யாரிடமும் மூச்சுவிடவே இல்லை. அவள் வந்து சொல்லட்டும் என்று காத்திருப்பவர் பெரும்பாலும் காத்துக்கொண்டேதான் இருப்பார்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. அடுத்த ஊரடங்கு வந்தாலும் வராவிட்டாலும், சுவருக்கு அந்தப் பக்கம் அப்படி ஒரு சத்தம் கேட்டால், உறை மோர் கேட்கும் சாக்கில் போய்க் கதவைத் தட்டுங்கள். அவளைத் தனியே பார்த்து என்ன வேண்டும் என்று கேளுங்கள். உதவி வேண்டும் என்றால் உங்கள் போனிலிருந்து பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழைத்துக் கொடுங்கள்.